ஆர்டிஐல கேள்வி கேக்காதீங்க, பேப்பரைக் கேளுங்க: ஸ்கூல் ரெக்கார்டும் மாநகராட்சி ஃபைலும்

மே, ஜூன் வந்துட்டா சென்னைல ஸ்கூல் ஆபீஸ் ரூம் வாசல்ல எப்பவும் ஒரு கூட்டம் நிக்கும், டிசி, போனஃபைடு, கான்டக்ட் சர்டிபிகேட்னு. மழை ஆரம்பிச்சா கூட்டம் அப்படியே மண்டல அலுவலகத்துக்கு மாறிடும், வடிகால் எப்ப போட்டீங்க, எவ்ளோ செலவாச்சு, எங்க தெருவுல மட்டும் ஏன் தண்ணி நிக்குதுன்னு. ரெண்டு இடத்துலயும் கிடைக்கற பதில் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: "அது இங்க இல்ல சார், அங்க போய் கேளுங்க." அலைக்கழிக்கறாங்கன்னு நமக்கு கோபம் வரும், வர்றதுல தப்பும் இல்ல, ஆனா பாதி நேரம் அந்த பதில் நிஜம்தான். இந்த ஊர்ல ஒரு ஸ்கூலைப் பத்தின காகிதமோ ஒரு தெருவைப் பத்தின காகிதமோ ஒரே ஆபீஸ்ல இருக்கறதே இல்ல. எந்தக் காகிதம் யார் பீரோல இருக்கு, ஆபீஸ்ல அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, இது ரெண்டும் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கற வழிதான் ஆர்டிஐ, முதல்ல அந்தச் சட்டம். ஆர்டிஐன்னு நாம சொல்ற தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12ல முழுசா அமலுக்கு வந்துச்சு. நமக்கு இதுல ஒரு பழைய பெருமை கூட உண்டு, 1997லயே தமிழ்நாடு தனியா ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டுச்சு, நாட்டுலயே முதல் மாநிலம். ஆனா இதையெல்லாம் தர முடியாதுன்னு அதுலயே பெரிய லிஸ்ட் இருந்ததால ஜனங்களுக்கு பெருசா பிரயோஜனப்படல. 2005 சட்டம்தான் கையில பிடிக்கற மாதிரி வந்துச்சு. இதுல எல்லாரும் கவனிக்காம விடற விஷயம் என்னன்னா, சட்டப்படி தகவல்னா ஆபீஸ்ல ஏற்கெனவே பதிவா இருக்கற ஒண்ணு, அதாவது ஃபைல், ரிஜிஸ்டர், ஆர்டர், ரிப்போர்ட், கம்ப்யூட்டர்ல இருக்கற டேட்டா. இல்லாத ஒண்ணைப் புதுசா தயார் பண்ணிக் குடுக்கணும், கருத்து சொல்லணும், விளக்கம் எழுதணும்னு அதிகாரிக்குக் கட்டாயம் கிடையாது, 2011ல சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டும் இதைத் தெளிவா சொல்லிடுச்சு. அதனால "ஏன் செய்யல", "எப்ப செய்வீங்க", "இது நியாயமா"ன்னு எழுதின மனுவுக்கெல்லாம் தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறைக்குள் வராதுன்னு ஒத்தை வரில பதில் வரும், வந்தா நாம சண்டையும் போட முடியாது.

ஒரு தெரு ரோட்டை எடுத்துக்கோங்க. போன வருஷம் போட்டது, ஒரே மழைல பேந்துடுச்சு. நமக்குத் தெரிய வேண்டியது யார் பொறுப்புன்னு. அதை அப்படியே எழுதினா ஒண்ணும் வராது. இப்படி எழுதணும்: "இன்ன வார்டு, இன்ன தெருவில், இன்ன நிதியாண்டில் செய்யப்பட்ட சாலைப் பணிக்கான மதிப்பீட்டின் நகல், பணி ஆணை நகல், ஒப்பந்த நகல், அளவுப் புத்தகத்தில் இப்பணி பதிவான பக்கங்களின் நகல், தரப் பரிசோதனை அறிக்கை நகல், தொகை வழங்கிய பட்டியலின் நகல்." இதுல கேள்விக்குறியே இல்ல பாருங்க. அளவுப் புத்தகத்தை என்ஜினியருங்க எம்-புக்னுதான் சொல்வாங்க, வேலை நடந்த இடத்துல நேர்ல அளந்து நீளம், அகலம், கனம்னு எழுதி கையெழுத்து போடற புத்தகம் அது, அதை வச்சுதான் கான்ட்ராக்டருக்கு பில்லே பாஸ் ஆகும். அதுல எழுதியிருக்கற கனமும் தெருவுல பேந்து கிடக்கற துண்டோட கனமும் ஒத்துப் போகுதான்னு ஸ்கேல் வச்சே பாத்துடலாம். ஒப்பந்தத்துல குறைபாடு பொறுப்புக் காலம்னு ஒண்ணு இருக்கும், அந்தக் காலத்துக்குள்ள பேந்தா கான்ட்ராக்டர் தன் செலவுல சரி பண்ணணும், யார் பொறுப்புங்கற நம்ம கேள்விக்கு பதில் அங்கதான் இருக்கு. இன்னொண்ணு, ரோட்டுல போட்ட பொருளோட மாதிரியையே (சாம்பிள்) கேட்டு வாங்கற உரிமையும் ஆர்டிஐ சட்டத்துல இருக்கு, பிரிவு 2(ஜெ)ல அப்படியே எழுதியிருக்கு, ஆனா யாரும் கேக்கறதில்ல.

சரி, யார்கிட்ட கேக்கறது? இங்கதான் சென்னைக்காரங்க வழுக்குவாங்க. 2011ல மாநகராட்சி விரிஞ்சு 426 சதுர கிலோமீட்டர், 15 மண்டலம், 200 வார்டுன்னு ஆச்சு. உள் தெரு ரோடுன்னா மண்டல அலுவலகம், பஸ் போற ரோடுன்னா மாநகராட்சிக்குள்ளயே பேருந்து தட சாலைகள் துறைன்னு தனியா இருக்கு, அண்ணா சாலை மாதிரி பெரிய ரோடெல்லாம் நெடுஞ்சாலைத் துறை. மழைத்தண்ணி போற கால்வாய் மாநகராட்சி, கழிவுநீர்க் குழாய் மெட்ரோ வாட்டர், ரெண்டும் ஒரே தெருவுல பக்கத்துப் பக்கத்துல ஓடும், ஒண்ணு இன்னொண்ணுல கலக்கவும் செய்யும், ஆனா ஃபைல் மட்டும் கலக்காது. தப்பான ஆபீஸுக்கு மனு போயிட்டா அவங்க அதைத் திருப்பி அனுப்பக் கூடாது, பிரிவு 6(3)படி சரியான ஆபீஸுக்கு அஞ்சு நாளுக்குள்ள மாத்தி அனுப்பிட்டு நமக்கும் தகவல் சொல்லணும். சட்டம் அப்படித்தான், ஆனா நடைமுறைல அந்த மனு எங்கயோ போய் படுத்துக்கும், அதனால ஒரே மனுல நாலு துறை விஷயத்தைக் கலக்காம தனித்தனியா போடறதுதான் நல்லது, மனுக் கட்டணம் கூட ஒரு 10 ரூபாய் ஆனா ஆயிட்டுப் போகுது. மாநகராட்சியோட புகார் நம்பர் 1913க்கு போன் பண்ணி கம்ப்ளைன்ட் குடுத்திருந்தா அந்த புகார் எண்ணைப் பத்திரமா வச்சுக்கோங்க, "இந்த எண் புகாரின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல்"னு கேட்டா போதும், மேல சொன்ன அத்தனை பேப்பரும் வேண்டாம்னு தோணினா இது ஒண்ணே நல்ல ஆரம்பம்.

இப்ப ஸ்கூலுக்கு வருவோம். உங்க பிள்ளையோட ரெக்கார்டுக்கு ஆர்டிஐ வரைக்கும் போக வேண்டியதே இல்ல பெரும்பாலும். டிசியையே எடுத்துக்கோங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5 என்ன சொல்லுதுன்னா, மாறிப் போற குழந்தைக்கு தலைமை ஆசிரியர் உடனே டிசி தரணும், டிசி வர லேட்டாச்சுன்னு புது ஸ்கூல் சேர்க்கையைத் தள்ளிப் போடவோ மறுக்கவோ கூடாது. எட்டாவது வரைக்கும் இந்தச் சட்டம். 2024 ஜூலைல சென்னை உயர் நீதிமன்றமும் டிசிங்கறது பாக்கி ஃபீஸ் வசூல் பண்ற கருவி கிடையாது, அதுல ஃபீஸ் பாக்கின்னு எழுதவும் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதுக்காக ஃபீஸ் கட்ட வேண்டாம்னு அர்த்தம் இல்ல, பாக்கியை வசூல் பண்ண ஸ்கூலுக்கு வேற சட்ட வழி இருக்கு, குழந்தையோட காகிதத்தைப் பிடிச்சு வச்சுக்கக் கூடாது, அவ்ளோதான். வாயால கேட்டு வாங்க முடியலன்னா எழுத்துல ஒரு லெட்டர் குடுத்து, காப்பில ஸ்கூல் சீல் வாங்கிக்கோங்க. சீல் போட மாட்டேன்னா தபால்ல அனுப்புங்க. அந்த லெட்டர் இருந்தாதான் அடுத்து மாவட்டக் கல்வி அலுவலர்கிட்ட போய் நிக்க முடியும், 2022ல இருந்து தனியார் பள்ளிகளுக்குன்னே தனியா மாவட்டக் கல்வி அலுவலர் இருக்காங்க.

மார்க் ஷீட் தொலைஞ்சா அது ஸ்கூல் விஷயம் இல்ல, அரசுத் தேர்வுகள் இயக்ககம். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைல, நாம இன்னும் டிபிஐன்னே சொல்லிட்டிருக்கற, 2022ல பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்னு பேர் மாத்தின இடத்துல இருக்கு. தொலைஞ்சதுக்கு போலீஸ் ஸ்டேஷன்ல போய் காத்துக் கிடக்க வேண்டாம், தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்லயே தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கலாம். சமீப வருஷத்து மார்க் ஷீட்டா இருந்தா முதல்ல டிஜிலாக்கர்ல, அதாவது சர்டிபிகேட்டை ஆன்லைன்ல எடுத்துக்கற அரசு ஆப்ல பாத்துடுங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்து பீரோவோட எல்லாம் நனைஞ்சு போனப்போ அரசே சிறப்பு முகாம் போட்டு நகல் குடுத்துச்சு, அந்த மாதிரி ஒரு நேரம் தவிர நாமளாதான் அலையணும்.

இதை விட பெரிய விஷயம் சேர்க்கைப் பதிவேடு. ரொம்ப பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே ஞாபகம் இருக்காது, தாத்தாவோட ஜாதி ரெக்கார்டு வேணும், அம்மாவோட வயசுக்கு ப்ரூஃப் வேணும்னு தாசில்தார் ஆபீஸ்ல கேக்கும்போதுதான் தேட ஆரம்பிப்பாங்க. நீளமான பெரிய நோட்டு, ஒரு வரிசைல ஒரு பிள்ளை: சேர்க்கை எண், பேர், அப்பா பேர், பிறந்த தேதி, ஜாதி, தாய்மொழி, முன்னாடி படிச்ச ஸ்கூல், எந்த வகுப்புல சேர்ந்தது, எப்ப விலகினது, டிசி எண். எத்தனை வருஷம் ஆனாலும் தூக்கிப் போடக் கூடாத பதிவேடு இது. அந்தக் காலத்துல டிசி வாங்காமலே நின்னு போன பிள்ளைக்கும் இதுல ஒரு வரி இருக்கும். கேக்கும்போது "இன்னார் படித்ததற்கான சான்று"ன்னு கேக்கறதை விட "சேர்க்கைப் பதிவேட்டில் இன்னார் பெயர் உள்ள பதிவின் சான்றிட்ட நகல்"னு கேளுங்க, தோராயமா எந்த வருஷம் சேர்ந்திருப்பாங்கன்னும் சேர்த்து எழுதுங்க, இல்லன்னா தேடறவருக்கு அந்த அலமாரியைப் பாத்தாலே மனசு விட்டுடும். மாநகராட்சிப் பள்ளின்னா ரிப்பன் மாளிகைல இருக்கற கல்வித் துறைக்கு எழுதலாம். விரிவாக்கப் பகுதிகள்ல இருந்த அரசுப் பள்ளிகளும் பின்னாடி மாநகராட்சிக்கு வந்ததால, நீங்க படிச்சப்போ அது அரசுப் பள்ளியா இருந்து இப்ப போர்டுல மாநகராட்சின்னு இருந்தா குழம்பாதீங்க, நோட்டு பெரும்பாலும் அதே கட்டடத்துலதான் இருக்கும். மூடிப் போன ஸ்கூலோ வேற ஸ்கூலோட சேர்த்த ஸ்கூலோ ஆனா கல்வி அலுவலகத்துல ரெக்கார்டு எங்க ஒப்படைச்சாங்கன்னு அந்த ஒப்படைப்புப் பட்டியலைத்தான் முதல்ல கேக்கணும்.

தனியார் ஸ்கூல் ஆர்டிஐக்குள்ள வருமான்னு எல்லாரும் கேக்கறாங்க. அரசு உதவி பெறும் ஸ்கூல் வரும், கணிசமான அளவுக்கு அரசு பணம் வாங்கற கல்வி நிறுவனம் பொது அதிகார அமைப்புதான், அதாவது ஆர்டிஐக்கு பதில் சொல்ல வேண்டிய அமைப்புதான்னு 2019ல டிஏவி காலேஜ் டிரஸ்ட் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. மெட்ரிகுலேஷன், சிபிஎஸ்இன்னு சுயநிதில ஓடற ஸ்கூலுக்கு நேரா மனு போட்டா பதில் வராது. ஆனா பிரிவு 2(எஃப்)ல ஒரு கதவு இருக்கு, ஒரு தனியார் அமைப்புகிட்ட இருந்து எந்தத் தகவலை அரசு ஆபீஸ் ஏதோ ஒரு சட்டப்படி வாங்க முடியுமோ, அந்தத் தகவலை நாம அந்த அரசு ஆபீஸ் வழியா கேக்கலாம். தனியார் ஸ்கூல் ஓடணும்னா அங்கீகாரம் வேணும், அங்கீகாரத்துக்கு கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறை சான்று எல்லாம் வேணும். 2004 ஜூலை 16ல கும்பகோணத்துல 94 குழந்தைங்க கருகிப் போனதுக்கு அப்புறம் யாரும் இதை வெறும் ஃபார்மாலிட்டின்னு சொல்லக் கூடாது. உங்க பிள்ளை படிக்கற ஸ்கூலோட தீயணைப்புச் சான்று எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு கேக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, ஸ்கூல் காட்டலன்னா கல்வி அலுவலகத்துலயோ தீயணைப்புத் துறைலயோ கேளுங்க. கட்டட பிளான் அப்ரூவல் சின்ன கட்டடம்னா மாநகராட்சி, பெரிசுன்னா எழும்பூர்ல இருக்கற சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். ஃபீஸ் விஷயம்னா 2009 கட்டணச் சட்டத்துல அமைச்ச கமிட்டி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமைல நடக்கும், உங்க ஸ்கூலுக்கு வகுப்பு வாரியா நிர்ணயிச்ச தொகைக்கு ஆர்டர் இருக்கும். ஸ்கூல் குடுத்த ரசீதையும் அந்த ஆர்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, அப்புறம் பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல பேசுங்க.

கேக்கக் கூடாதது எது? அடுத்தவங்க பிள்ளையோட மார்க்கு, ஜாதி, அட்ரஸ். இது முன்னாடியும் கிடைக்காது, இப்ப சுத்தமா கிடைக்காது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 மூலமா ஆர்டிஐயோட 8(1)(ஜெ) பிரிவையே சுருக்கிட்டாங்க, 2025 நவம்பர்ல அது அமலுக்கும் வந்துடுச்சு. முன்னாடி பொது வேலைக்கு சம்பந்தம் இல்லாத சொந்தத் தகவலைத்தான் மறுக்கலாம்னு இருந்துச்சு, இப்ப தனிநபர் தகவல்னா மறுக்கலாம்னு ஒத்தை வரியா ஆயிடுச்சு. எனக்கு இது பிடிக்கல, வெளிப்படையாவே சொல்றேன், ஏன்னா ரோடு பேந்த விஷயத்துல எம்-புக்ல கையெழுத்து போட்ட என்ஜினியர் பேரைக் கூட தனிநபர் தகவல்னு சொல்லி மறைக்க இது சாக்காயிடும். இப்போதைக்கு இருக்கற பிடி பிரிவு 8(2), பொது நலன் பெருசுன்னா விதிவிலக்கு இருந்தாலும் தகவலைத் தரலாம்னு அது இன்னும் அப்படியே இருக்கு, மனுலயே அதைக் குறிப்பிட்டு என்ன பொது நலன்னு ரெண்டு வரி எழுதிடுங்க. பிரிவு 10ம் உண்டு, தர முடியாத பகுதியை மறைச்சுட்டு மீதியைத் தரணும். அதனால பேர் வேண்டாம், பதவி போதும், பேரை மறைச்சுட்டுக் குடுங்கன்னு நாமளே எழுதிட்டா மறுக்கறதுக்கு அவங்களுக்குக் காரணம் குறையும். அவங்கவங்க சொந்த விடைத்தாளுக்கு இந்தத் தடை கிடையாது, பரீட்சை எழுதினவங்களுக்கு தன்னோட திருத்தின விடைத்தாளைப் பாக்க உரிமை உண்டுன்னு மேல சொன்ன அதே 2011 சிபிஎஸ்இ தீர்ப்புதான் சொன்னது. ப்ளஸ் டூவுக்கு ரிசல்ட் வந்த உடனே தேர்வுத் துறையே விடைத்தாள் நகலுக்கு தேதி அறிவிப்பாங்க, அந்த வழிதான் சீக்கிரம், தேதியை மட்டும் விட்டுடாதீங்க.

மனு எழுதறது ஒரு பெரிய வித்தை இல்ல. வெள்ளைத் தாள், தமிழ்லயே எழுதலாம், "பொதுத் தகவல் அலுவலர்"னு அட்ரஸ் பண்ணி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும். எதுக்கு வேணும்னு காரணம் சொல்லத் தேவையில்ல, பதில் அனுப்ப அட்ரஸ் தவிர வேற எதுவும் கேக்கக் கூடாது. சங்கம் பேர்ல போடாதீங்க, இந்தியக் குடிமகனுக்குத்தான் உரிமை, அதனால தலைவரோ செயலாளரோ தன் பேர்ல போடணும். தபால்ல அனுப்பினா அக்னாலெட்ஜ்மென்ட்டோட அனுப்புங்க, பழைய ரெஜிஸ்டர் போஸ்ட்டை 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேர்த்துட்டாங்க. 30 நாளுக்குள்ள பதில் வரணும். நடுவுல "92 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 184 ரூபாய் செலுத்தவும்"னு ஒரு லெட்டர் வந்தா அது மறுப்பு இல்ல, நல்ல செய்தி, ஆனா அந்த லெட்டர் அனுப்பின நாள்ல இருந்து நீங்க பணம் கட்டற நாள் வரைக்கும் 30 நாள் கணக்கு நின்னு போயிடும், அதைத் தூக்கி மூலைல போட்டுட்டு பதில் வரலன்னு நிறைய பேர் புலம்புவாங்க. 30 நாள் தாண்டிட்டா அப்புறம் தர்ற நகலை இலவசமா தரணும், பிரிவு 7(6).

பதில் வரல, இல்ல மழுப்பலா வந்துச்சுன்னா அடுத்த 30 நாளுக்குள்ள அதே ஆபீஸோட மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதுக்கு அவங்களுக்கு 30 நாள், காரணம் எழுதினா 45 நாள். அதுவும் ஆகலன்னா 90 நாளுக்குள்ள மாநில தகவல் ஆணையம். தகவல் அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கு, அதுவும் அவர் சொந்தக் கைக்காசு. ஆனா அங்க விசாரணைக்கு வர ரொம்ப காலம் ஆகும், அதனால என்னைக் கேட்டா முதல் மேல்முறையீட்டுலதான் உழைப்பைப் போடணும், நாலு வரி போதும்: என்ன கேட்டேன், என்ன வந்துச்சு, எது வரல.

"கோப்பு இருப்பில் இல்லை"ன்னு ஒரு பதில் வரும் பாருங்க, அதை உடனே நம்பவும் வேண்டாம், உடனே கோபப்படவும் வேண்டாம். தமிழ்நாட்டு ஆபீஸ் நடைமுறைல ஒவ்வொரு ஃபைலும் முடியும்போது எவ்ளோ காலம் வச்சிருக்கணும்னு ஒரு முத்திரை விழும், எல்.டிஸ்னா ஒரு வருஷம், கே.டிஸ்னா மூணு வருஷம், டி.டிஸ்னா பத்து வருஷம், ஆர்.டிஸ்னா நிரந்தரம். உங்களுக்கு வந்த பழைய லெட்டர்கள்ல ஓ.மு., மூ.மு., ப.மு.ன்னு போட்டு ஒரு எண் இருக்கும், ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு. ந.க.எண்னு இருந்தா ஃபைல் அப்ப ஓடிட்டிருந்துச்சுன்னு அர்த்தம். அதனால பழைய லெட்டரைத் தூக்கிப் போடாதீங்க, அந்த எண்ணைப் போட்டுக் கேட்டா கிளார்க்கு சாக்கு சொல்ல இடமே இருக்காது. நிஜமாவே அழிச்சிட்டாங்கன்னா எந்த ஆர்டர்ல, எந்தத் தேதில அழிச்சாங்கன்னு அழிப்புப் பதிவேட்டோட நகல் கேளுங்க.

"பக்கம் நிறைய, ஆள் இல்ல, தயார் பண்ண முடியாது"ங்கறது இன்னொரு பதில். அப்ப நேர்ல பாக்கறேன்னு கேட்டுடணும், பிரிவு 2(ஜெ)ல ஆவணத்தைப் பார்வையிடற உரிமையும் இருக்கு, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமே கிடையாது. போனா ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பக்கத்துலயே ஒரு உதவியாளர் உக்காந்து உங்க கையையே பாத்துட்டிருப்பார், கண்டுக்காதீங்க. ஃபைல் ரெண்டு பகுதியா இருக்கும், வந்த கடிதம், போன கடிதம் எல்லாம் நடப்புக் கோப்பு, அதிகாரிங்க ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிட்டது குறிப்புக் கோப்பு. குறிப்புக் கோப்பை முதல்ல படிங்க, யார் வேண்டாம்னு எழுதினாங்க, யார் போகட்டும்னு எழுதினாங்கன்னு எல்லாம் அங்கதான் இருக்கும். நடப்புக் கோப்புல பக்க எண் வரிசையா வருதான்னு பாருங்க, நடுவுல தாவினா அந்த எண்ணைக் குறிச்சுக்கோங்க. மொபைல்ல போட்டோ எடுக்க சில ஆபீஸ்ல விடுவாங்க, சில ஆபீஸ்ல விட மாட்டாங்க, விடலன்னா வாக்குவாதம் வேண்டாம், தேவையான பக்கத்து எண்ணை மட்டும் எழுதிக் குடுத்து பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி சான்றிட்ட நகலா வாங்கிட்டு வந்துடுங்க.